பின்னால் நகரும் பெயர்ச்சீட்டு

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழாசிரியர்கள். திருத்த வேண்டிய கட்டுரை ஏடுகள் ஒரு கட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். அதில் ஒன்றை மனக்கண்ணில் திறந்து பாருங்கள். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஓரக்கோடு இழுத்திருக்கும். நடுவில் தலைப்பு. அதன் கீழ் குறிப்புச் சட்டகம்: முன்னுரை, மூன்று நான்கு உள்தலைப்புகள், முடிவுரை. பிறகு முத்து முத்தான கையெழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லாத கட்டுரை. கடைசியில் நம் சிவப்பு மைக் கையொப்பமும் தேதியும்.

அந்தக் கட்டுரை எப்படி உருவானது என்பதற்கு மட்டும் அந்த ஏட்டில் ஒரு தடயமும் இருக்காது. பிள்ளை எதை யோசித்தது, எதை எழுதி அடித்தது, எந்த இடத்தில் திணறி நின்றது, யாரிடம் கேட்டது, எதுவுமே தெரியாது. அடித்தல் தெரிந்தால் நாமே கடிந்துகொள்வோம். ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு ஃபேர் நோட்டில் எழுதி வா என்போம். ரஃப் நோட்டு வருடக் கடைசியில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இப்படியே பத்து வருடம் பழகுகிற பிள்ளை, நன்றாக எழுதுகிறவர்களுக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானாக வந்துவிடும் என்று நம்பத் தொடங்குகிறது. தனக்கு அப்படி வரவில்லை, ஆகவே தனக்கு எழுத்து வராது என்று முடிவும் கட்டிவிடுகிறது. பிழையாக எழுதுவதைவிட இந்த நம்பிக்கை பெரிய கேடு என்று நான் நினைக்கிறேன். எழுத்து கடந்து வரும் படிகளைப் பிள்ளையின் கண்முன்னால் எப்படி வைப்பது, தான் இப்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அதுவே எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1971இல் ஜேனட் எமிக் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். சிகாகோ பகுதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 8 பேரை எழுதச் சொல்லி, எழுதும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுப் பேசவும் வைத்தார். அதற்கு முன் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் எழுதி முடித்த தாளைத்தான் பார்த்தன. எமிக் எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தார். பாடநூல்கள் சொன்ன ஒழுங்கில், முதலில் சட்டகம், பிறகு கட்டுரை என்று அந்தப் பிள்ளைகள் எழுதவில்லை என்பது அவருக்குத் தெரிய வந்தது. நம் குறிப்புச் சட்டகத்தின் கதையும் வேறு மாதிரி இல்லை. திட்டமிடுவதற்காக ஏற்பட்டது அது. இப்போது பாதிப் பிள்ளைகள் கட்டுரையை முடித்துவிட்டு, உள்தலைப்புகளை மேலே எடுத்து எழுதிப் பெட்டி கட்டுகிறார்கள். மீதிப் பேருக்குப் பாடநூலே குறிப்புகளைத் தந்துவிடுகிறது.

அடுத்த வருடம், 1972இல், டொனால்டு மரே என்பவர் தன் சக ஆசிரியர்களிடம் ஒரு கணக்குச் சொன்னார். பத்திரிகைத் தலையங்கங்களுக்காக 1954இல் புலிட்சர் பரிசு வாங்கியவர். பிறகு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தவர். எழுதுகிறவரின் நேரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு எழுத உட்காருவதற்கு முன்பே போய்விடுகிறது, முதல் வரைவுக்கு 1 விழுக்காடு போதும், மாற்றி எழுத 14 விழுக்காடு என்றார். கடிகாரம் வைத்து அளந்த கணக்காக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். வாழ்நாளெல்லாம் எழுதிய ஒருவருடைய அனுபவக் கணக்கு அது. இருந்தாலும் அதை நம் பாடவேளைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பைக் கரும்பலகையில் எழுத இரண்டு நிமிடம், பிறகு மணி அடிக்கும்வரை “பேசாம எழுதுங்க”. மரே 1 விழுக்காடு ஒதுக்கிய வேலைக்கு நாம் பாடவேளை முழுவதையும் கொடுத்துவிடுகிறோம். மற்ற 99 விழுக்காடும் நம் வகுப்பில் நடப்பதே இல்லை. வீட்டில் நடக்கிறதா என்றால், அதை நடத்தும் பொறுப்பு அம்மாவிடமோ டியூஷனிடமோ உரைநூலிடமோ போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இந்தக் கருத்துகள் பரவிய பிறகு, பல நாட்டு வகுப்பறைகளில் சுவருக்குச் சுவர் ஒரு சார்ட் தொங்கியது. ஐந்து கட்டங்கள், நடுவில் அம்புக்குறிகள்: யோசி, எழுது, மாற்று, பிழை திருத்து, வெளியிடு. பார்க்க அழகாக இருக்கும். அதில் இரண்டு குறைகள். ஒன்று, யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. வாய்பாடு போலச் சும்மா தொங்கும். மற்றது, அம்பு முன்னால் மட்டுமே போகும். லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேய்ஸும் 1981இல் எழுதிய கட்டுரை இந்த அம்பைத்தான் கேள்வி கேட்டது. திட்டமிடுவது, எழுதுவது, திரும்பிப் பார்ப்பது எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வரும், எழுதிக்கொண்டிருக்கும் நடுவிலேயே நோக்கம் மாறிவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருடம் நான்சி சாமர்ஸ், மாணவர்கள் 20 பேரும் பழுத்த எழுத்தாளர்கள் 20 பேரும் எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டிருந்தார். மாணவர்கள் சொல்லை மாற்றினார்கள். அனுபவசாலிகள் தாங்கள் சொல்ல வந்தது என்ன என்பதையே மீண்டும் தேடினார்கள். பத்தியை இடம் மாற்றினார்கள், பக்கத்தையே தூக்கி எறிந்தார்கள், தேவைப்பட்டால் முதலிலிருந்து தொடங்கினார்கள். பின்னால் போவது கை தேர்ந்தவர்களின் வழக்கம். நம் பிள்ளைகளுக்கு அது தோல்வியாகத் தெரிகிறது.

பிள்ளை தன் படியைத் தானே பார்த்துக்கொள்வது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி இல்லை. செயல்வழிக் கற்றல் வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு இது நினைவிருக்கும். ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான முறையை அடியொற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதற்கும் போன திட்டம். சுவரில் கற்றல் ஏணி இருக்கும். படிக்குப் படி ஒரு சின்னம். தன் அட்டை எது, அடுத்து எதை எடுக்க வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் பிள்ளைகள் செய்த வேலைகள். திட்டத்தின் நிறைகுறைகளைப் பற்றி நாம் நிறைய விவாதித்திருக்கிறோம், அது இருக்கட்டும். “நான் எங்கே இருக்கிறேன்?” என்ற கேள்விக்கு ஆசிரியரைக் கேட்காமலே பிள்ளை பதில் கண்டுபிடிக்கலாம் என்று அந்த ஏணி காட்டியது. அதை நாம் தொடக்கப் பள்ளியோடு விட்டுவிட்டோம். எழுத்துக்கு அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு மாற்றம் வேண்டும்: எழுத்தின் ஏணியில் இறங்கவும் வழி இருக்க வேண்டும்.

செய்முறையைச் சொல்கிறேன். ஒரு சார்ட் தாளைப் படுக்கவாட்டில் ஒட்டி ஆறு பத்திகளாகப் பிரியுங்கள். அவற்றின் தலைப்புகள்: திரட்டுகிறேன், அடுக்குகிறேன், எழுதுகிறேன், படித்துக் காட்டுகிறேன், மாற்றுகிறேன், பிழை பார்க்கிறேன். கடைசியில் வெளியீட்டுக்கு ஒரு கயிறு கட்டினால் போதும்; முடிந்த கட்டுரை அதில் தொங்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு சீட்டு, ஒரு துணி கிளிப். வகுப்பு தொடங்கும்போது பிள்ளையே போய்த் தன் சீட்டை உரிய பத்தியில் மாட்ட வேண்டும். நாம் மாட்டக் கூடாது. அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்து ஆசிரியை நான்சி ஆட்வெல் இதையே வாய்மொழியாகச் செய்துவந்தார். எழுத்து வகுப்பின் தொடக்கத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பிள்ளை இன்று என்ன செய்யப்போகிறது என்று இரண்டு சொல்லில் சொல்லும், அவர் குறித்துக்கொள்வார். சில நிமிட வேலை. 1987இல் வெளிவந்த அவருடைய நூல் வழியாக இது பல நாடுகளுக்குப் போனது. 2015இல் உலக ஆசிரியர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்குத்தான் கிடைத்தது. பரிசுத் தொகை 10 லட்சம் டாலரை, தான் நிறுவிய பள்ளிக்கே கொடுத்துவிட்டார்.

சீட்டுகள் மாட்டிய இந்தச் சார்ட் பலகையால் ஆசிரியருக்கு என்ன பயன்? நாற்பத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் எல்லோரையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. பலகையைப் பார்த்ததும் இன்று யாரிடம் உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். நான்கு நாளாக “திரட்டுகிறேன்” பத்தியிலேயே நிற்கிற சீட்டுக்காரனுக்குத் தலைப்பு பிடிக்கவில்லை, அல்லது என்ன தேடுவது என்றே தெரியவில்லை. ஒரே நாளில் திரட்டலிலிருந்து பிழை பார்ப்பதற்குத் தாவிய சீட்டு, உரைநூலைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். “படித்துக் காட்டுகிறேன்” பத்தியில் மூன்று பேர் இருந்தால் அந்த மூவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். வழக்கமாக நாம் பிள்ளையின் சிக்கலைத் தெரிந்துகொள்வது ஏட்டைத் திருத்தும்போது. அப்போது எல்லாம் முடிந்திருக்கும், உதவி செய்ய நேரம் இருக்காது.

ஓர் எட்டாம் வகுப்பு மாணவியின் சீட்டு நகர்ந்த விதத்தைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். எடுத்துக்கொண்ட தலைப்பு எங்கள் ஊர்ச் சந்தை. திரட்டும் தாளில் பன்னிரண்டு சொற்கள் எழுதியிருந்தாள்: கருவாடு, நாட்டுக்கோழி, பனங்கிழங்கு, எடைக்கல், சத்தம், பேரம், பிளாஸ்டிக் குடம், இப்படி. அடுக்கும்போது அவற்றில் ஐந்தைச் சுழித்து எண் போட்டாள். பிறகு எழுதினாள். முதல் வரி, மக்கள் தங்களுக்குத் தேவையான பொருள்களை வாங்கவும் விற்கவும் கூடும் இடமே சந்தையாகும் என்று இருந்தது. நமக்கெல்லாம் பழக்கமான வரி. கருவாடு விற்கும் பாட்டி எப்போதும் வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பார் என்று கட்டுரையின் மூன்றாம் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி. படித்துக் காட்டும்போது பக்கத்துப் பெஞ்சுக்காரி கேட்டாள்: “ஏன்டி, அந்தப் பாட்டி எப்பவும் அங்கேயே உக்காருறாங்க?”

இவளுக்குத் தெரியவில்லை. “தெரியலையே டீச்சர், கேட்டுட்டு வந்து எழுதட்டுமா?” என்றாள். எழுந்து போய்ச் சீட்டை “படித்துக் காட்டுகிறேன்” பத்தியிலிருந்து எடுத்து “திரட்டுகிறேன்” பத்தியில் மாட்டினாள். மூன்று பத்தி பின்னால்! பலகையில் அன்று நடந்தவற்றிலேயே மதிப்பு மிக்கது அந்த நகர்வுதான். அடுத்த சந்தை நாளில் பாட்டியிடமே போய்க் கேட்டிருக்கிறாள். காலையிலிருந்து உச்சிவெயில்வரை அந்த இடத்தில்தான் நிழல் நிற்குமாம்; வெயில் பட்டால் நெத்திலி காய்ந்து நொறுங்கி எடை குறைந்துவிடுமாம். அப்புறம், கண் சரியாகத் தெரியாத பழைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் மரத்தை அடையாளம் வைத்துத்தான் வருவார்களாம். இடத்தை மாற்றினால் அவர்கள் தேடுவார்கள் என்று பாட்டி சொன்னாராம். புதிதாக எழுதிய வரைவு வேப்பமர நிழலில் தொடங்கியது. சந்தைக்கு இலக்கணம் சொன்ன முதல் வரி காணாமல் போயிருந்தது. அதை எடுத்துவிடும்படி யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு உண்மையான விஷயம் கிடைத்ததும் அந்த வரிக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று.

அன்று அந்தப் பலகை அங்கே இல்லாமல் இருந்து, தேதி மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெள்ளிக்கிழமை ஏடு வைக்க வேண்டும். இவள் தோழியின் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டு, பழைய கட்டுரையையே ஃபேர் நோட்டில் எழுதிக் கொடுத்து எட்டு மதிப்பெண் வாங்கியிருப்பாள்.

ஆகவே பலகையை மாட்டும் ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அதைப் பந்தயமாக்கிவிடாதீர்கள். முதலில் முடித்தவருக்கு நட்சத்திரம், கடைசியில் நிற்பவருக்குச் சிவப்புச் சீட்டு என்று தொடங்கினால் அன்றோடு அது பொய் சொல்லத் தொடங்கும். எழுதாத பிள்ளையும் சீட்டை நகர்த்தி வைத்துவிடும். பின்னால் போக எவருக்கும் துணிவு வராது. மதிப்பெண்ணையும் அந்தப் பலகைக்கு அருகில் கொண்டுவராதீர்கள். தன் நிலை சுவரில் தெரிவதற்கே கூசுகிற பிள்ளைகள் உண்டு. வீட்டில் எழுதப் படிக்க உதவ ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தக் கூச்சம் கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போதும்: தேதி, எந்தப் படி, இன்று என்ன செய்தேன், நாளை என்ன செய்வேன். “பாட்டியிடம் கேட்டேன். நாளை முதல் பத்தியை மாற்றுவேன்.” இந்த அளவுக்கு எழுதினால் போதும். சுவரில் மாட்டுகிற பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டம் நல்லது. பருவ முடிவில் அதைப் புரட்டிப் பார்க்கிற பிள்ளைக்குத் தன் பழக்கம் தெரியவரும். நான் எப்போதும் அடுக்காமலே எழுதத் தொடங்குகிறேன், பாதியில் மாட்டிக்கொள்கிறேன் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய பாடம் எழுத்து வகுப்பில் எது?

சிவப்பு மையைப் பற்றியும் ஒரு சொல். திரட்டல் தாளிலும் முதல் வரைவிலும் ஒற்றுப்பிழையைச் சுழிக்காதீர்கள். எனக்கும் கை துறுதுறுக்கும். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாவிட்டால் தமிழாசிரியரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டுரையின் ஒரு பத்தியையே தூக்கிப் போட வேண்டிய கட்டத்தில் நாம் ஒற்றைத் திருத்தினால், பிள்ளை ஒற்றைத் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும். பிழை பார்ப்பதற்கென்று பலகையில் ஒரு பத்தி இருக்கிறது. அங்கே சீட்டு வந்து சேரட்டும். அப்போது சிவப்பு மை தாராளமாக ஓடட்டும்.

வரைவுகளைக் கிழிக்க விடாதீர்கள். முதல் வரைவு நீல மையில், மாற்றங்கள் பச்சை மையில் என்று வைத்துக்கொண்டால் மாற்றம் தானாகவே தெரியும். திரட்டல் தாள், வரைவுகள், முடிந்த கட்டுரை எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே ஸ்டேப்ளரில் அடித்துவிடுங்கள். கயிற்றில் அந்தக் கட்டு முழுவதும் தொங்கட்டும். பெற்றோர் வரும் நாளில் பக்கங்களைத் திருப்பிக் காட்டுங்கள். தாகூரின் கையெழுத்துப்படிகளைப் படத்திலாவது பிள்ளைகளுக்குக் காட்டலாம். அவர் வேண்டாம் என்று அடித்த சொற்களைக் கோடுகளால் இணைத்து இணைத்துப் பறவையும் விலங்குமாக வரைந்துவிடுவார். ஓவியராக அவர் மலர்ந்ததற்கே அந்த அடித்தல்கள் வழி வகுத்தன. 1930இல் பாரிசில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது. நோபல் பரிசு வாங்கியவரும் பக்கம் பக்கமாக அடித்திருக்கிறார் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கும் தெம்பு கொஞ்சமில்லை.

பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று. செல்போனில் தலைப்பைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் கட்டுரை வந்துவிடுகிறதே, இனி இதெல்லாம் எதற்கு? முடிந்த கட்டுரையை மட்டும் பார்த்து மதிப்பெண் போட்ட காலம் அதனால்தான் முடிந்துவிட்டது என்கிறேன். வேப்பமர நிழலைப் பற்றி அந்தப் பாட்டியிடம் செல்போன் போய்க் கேட்டு வராது. திரட்டல் தாளும் பின்னால் நகர்ந்த சீட்டும் அந்தப் பெண் சந்தைக்குப் போய் வந்ததற்குச் சான்று. ஆனால் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வலையாக இந்தப் பலகையைப் பயன்படுத்தினால், நான் முன்பு சொன்ன பந்தயத்தின் கதைதான் மறுபடியும் நடக்கும். கணினியில் எழுதும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூகுள் டாக்ஸில் பழைய வரைவுகளைத் திரும்பப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதையும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த இடத்தில் ஏன் மாற்றினாய்?” என்று கேட்பதற்காகத் திறந்து பாருங்கள்.

கடைசியாகத் தேர்வு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பலகையும் இல்லை, தோழியும் இல்லை, சந்தைக்குப் போய்வரவும் முடியாது, இதையெல்லாம் பழக்கி என்ன பயன் என்று கேட்கலாம். தேர்வறையில் எழுதத் தொடங்குவதற்கு முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் தெரிந்த வினாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பலகையில் பழகிய பிள்ளைக்கு அந்த 10 நிமிடத்தில் என்ன செய்வது என்று தெரியும்: கட்டுரைத் தலைப்பைப் பார்த்ததும் மனத்துக்குள் திரட்டும், அடுக்கும். குறிப்புச் சட்டகத்தை உண்மையிலேயே முதலில் எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது நான்காவது உள்தலைப்பு இரண்டாவதாக வர வேண்டும் என்று தோன்றினால், பதறாமல் சட்டகத்தில் எண்ணை மாற்றிக்கொண்டு மேலே எழுதும்.

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் செய்து பாருங்கள். மற்ற கட்டுரைகள் வழக்கம்போல நடக்கட்டும். அந்த ஒன்றுக்கு இரண்டு வாரம் கொடுங்கள். சந்தை, பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை வரிசை, வீட்டுக் கிணறு என்று பிள்ளை போய்ப் பார்க்கவும் கேட்கவும் முடிகிற தலைப்பாக அது இருக்கட்டும். சார்ட் தாளும் கிளிப்பும் வாங்க நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஆகாது. முதல் வாரக் கடைசியில் எத்தனை சீட்டுகள் பின்னால் நகர்ந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட நகரவில்லை என்றால் படித்துக் காட்டும் பத்தியில்தான் கோளாறு. அங்கே தோழர்கள் “நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். கேட்கிற பிள்ளை ஒரே ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று விதி வைத்துவிட்டு இரண்டாம் வாரத்தைத் தொடங்குங்கள்.